ஆறாத புண்ணும் அறுவைக் கத்தியும்



வரலாறு என்றதும் மன்னர்களும் போர்களும் கோட்டைகளுமே நம் நினைவுக்கு வருகின்றன. புண்ணுக்கும் ஒரு வரலாறு உண்டு. காலில் மாதக் கணக்கில் ஆறாமல் கிடக்கும் புண், பழைய தீக்காயத் தழும்பின் மேல் கிளம்பும் கட்டி, பாவாடை நாடா இறுக்கி இறுக்கிக் கறுத்துப்போன இடுப்பில் காணும் வெடிப்பு ஆகிய இவற்றுள் சில, தோல் புற்றுநோயாக மாறக்கூடும். இதை மனிதன் எப்படிக் கண்டுகொண்டான்? அதைக் கத்தியால் அகற்ற எப்படிக் கற்றான்? எவ்வளவு வெட்டினால் நோயாளி பிழைப்பார், எவ்வளவு வெட்டுவது வீண் என்பதை யார் கணக்கிட்டார்கள்? இன்று அந்தக் கதையைத்தான் பேசப் போகிறோம்.

கோலாலம்பூரை அடுத்த செராஸ் வட்டாரத்தை நேயர்களில் பலர் அறிவீர்கள். ஒரு காலத்தில் ரப்பர் மரங்களும் ஈயச் சுரங்கங்களுமாக இருந்த பக்கம் அது. அங்கே பண்டார் துன் ரசாக்கில், மலேசிய தேசியப் பல்கலைக்கழகத்தின் மருத்துவமனை 1997-இல் திறக்கப்பட்டது. இன்று துவாங்கு முஹ்ரிஸ் வேந்தர் மருத்துவமனை என்று பெயர். காஜாங், செமினி, உலு லங்காட் பக்கத்து மக்களுக்கு அது எட்டும் தூரத்தில் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரி. வழி எட்டினாலும் மனம் எட்டுவதில்லை. "கத்தி பட்டால் புற்று பரவும்" என்ற பேச்சை நம் லயங்களில் கேட்காதவர் யார்? "அவருக்கு என்ன, நன்றாகத்தான் இருந்தார், ஆப்பரேஷன் செய்தார்கள், ஆறே மாதத்தில் போய்விட்டார்" என்று ஒருவர் சொல்வார். நாலு பேர் தலையசைப்பார்கள். புண்ணை மறைத்து வைத்திருப்பவர் இன்னும் ஆழமாக மறைப்பார்.

இந்தப் பேச்சு அறிவில்லாமல் பிறந்தது என்று ஒதுக்கிவிட நாங்கள் தயாராக இல்லை. அதற்கும் ஒரு காரணம் இருந்தது. அதை அறிய வேண்டுமானால் 1775-ஆம் ஆண்டு லண்டன் மாநகருக்குப் போக வேண்டும்.

அந்நாளில் லண்டன் வீடுகளில் நிலக்கரி எரித்தார்கள். புகைபோக்கியில் அடை அடையாய்க் கரி படியும். அதைச் சுரண்டி எடுக்க ஏழை வீட்டுச் சிறுவர்களை உள்ளே ஏற்றினார்கள். குறுகலான துவாரம். பல பிள்ளைகள் ஆடையின்றியே ஏறினார்கள். குளிப்பதும் அரிது. இந்தப் பிள்ளைகள் வளர்ந்து ஆளானபின், பலருக்கு விதைப்பையின் தோலில் மரு போல ஒன்று தோன்றிப் புண்ணாகும். அவர்களே அதற்குக் "கரி மரு" என்று பெயர் வைத்திருந்தார்கள். மருத்துவர்களோ, இது தகாத உறவால் வந்த மேக நோய் என்று முடிவுகட்டிப் பாதரச மருந்து கொடுத்தார்கள். நோயோடு அவமானமும் சேர்ந்தது. அறுவை மருத்துவர் பெர்சிவல் பாட் என்பவர்தான், இது மேகமன்று, தோலின் மடிப்பில் தங்கும் கரியால் வந்த புற்று என்று 1775-இல் எழுதினார். செய்யும் தொழிலே புற்றுக்குக் காரணமாகலாம் என்று உலகுக்குச் சொன்ன முதல் எழுத்து அது. உடனே வெட்டி எடுத்தால் பிழைக்கலாம், விரை வரையில் பரவியபின் வந்தால் கத்தியால் பயனில்லை என்றும் அவர் கண்டிருந்தார். கரியிலிருந்து வரும் தாரை முயலின் காதில் திரும்பத் திரும்பப் பூசிப் புற்றை உண்டாக்கிக் காட்ட, ஜப்பானிய அறிஞர்கள் யமகிவாவும் இச்சிகாவாவும் 1915-இல்தான் வந்தார்கள். பாட் சொன்னதற்குச் சோதனைச் சான்று கிடைக்க 140 ஆண்டுகள் ஆயின.

பாட் வாழ்ந்த காலத்தில் மயக்க மருந்து இல்லை. நோயாளியை நாலு பேர் பிடித்துக்கொள்ள, மருத்துவர் வெட்டுவார். ஈதர் மயக்கம் 1846-இல் வந்தது. கார்பாலிக் அமிலத்தால் கிருமியைக் கொல்லும் முறையை லிஸ்டர் 1867-இல் வெளியிட்டார். அதற்கு முன் அறுவைக்குப் போவது என்பது பாதி உயிரைப் பணயம் வைப்பதுதான். ஆகவே மக்கள் கடைசி வரை போக மாட்டார்கள். புற்று அரையிலோ அக்குளிலோ நெறி கட்டி உள்ளே போனபின்தான் போவார்கள். மருத்துவர் மேலே தெரிந்ததை வெட்டுவார். உள்ளே போனது அங்கேயே இருக்கும். சில மாதங்களில் சாவு. பார்த்தவர்களுக்குத் தெரிந்தது என்ன? கத்தி பட்டது, ஆள் போய்விட்டார். கத்திக்கு முன்பே பரவியிருந்தது அவர்கள் கண்ணுக்குத் தெரியாது. "கத்தி பட்டால் பரவும்" என்ற எண்ணம் இப்படித்தான் வேர்விட்டிருக்க வேண்டும் என்பது எங்கள் கருத்து.

லண்டன் கதை நமக்கெதற்கு என்று கேட்கலாம். நம் மூதாதையர் நாட்டிலும் இதே கதை வேறு உருவில் நடந்திருக்கிறது. காஷ்மீரத்தில் பனிக்காலம் கடுமையானது. அங்கே ஏழை எளியவர்கள் மண்சட்டியில் கங்கு இட்டு, அதைச் சுற்றிப் பிரம்பு பின்னி, தொளதொளத்த நீண்ட அங்கிக்குள் வயிற்றோடு அணைத்து வைத்துக்கொள்வார்கள். காங்ரி என்று அதற்குப் பெயர். குளிருக்கு இதம். ஆனால் ஆண்டுதோறும் சூடு பட்ட அடிவயிற்றுத் தோலும் தொடைத் தோலும் வலைப் பின்னல் போலக் கறுத்து, பின்பு புண்ணாகி, புற்றாகும். மருத்துவப் பணிக்காக அங்கே போன எல்ம்ஸ்லி என்பவர் 1866-இல் இதை முதலில் எழுதினார். பின்னர் ஸ்ரீநகர் மிஷன் மருத்துவமனையில் ஆர்தர் நீவ், எர்னஸ்ட் நீவ் என்ற சகோதரர்கள் பல்லாண்டுகள் அந்தப் புற்றையே அறுத்துக்கொண்டிருந்தார்கள். வந்தவர் எத்தனை பேர், புற்று எந்த இடத்தில், என்ன ஆனார் என்று எழுதி வைத்தார்கள். அடிவயிறும் தொடையும் மற்ற நாட்டவருக்குத் தோல் புற்று வருகிற இடமே அல்ல. அங்கே மட்டும் இத்தனை பேருக்கு வருகிறதென்றால் காரணம் சட்டிதான் என்று அந்தக் குறிப்பேடுகளிலிருந்தே புலனாயிற்று.

பம்பாயில் டாட்டா நினைவு மருத்துவமனையின் ஆய்வறிஞர் கனோல்கர் 1945-இல் வெளியிட்ட கட்டுரையில், இந்திய மக்களின் பழக்கவழக்கங்களால் வரும் மூன்று புற்றுகளைச் சொன்னார். அவற்றுள் ஒன்று வேட்டிப் புற்று. இடுப்பில் ஒரே இடத்தில் வேட்டியை இறுக்கிக் கட்டி, வியர்வையும் உராய்வுமாக ஆண்டுக் கணக்கில் அழுத்தினால், அந்தத் தோல் முதலில் நிறம் மாறித் தடிக்கும், பிறகு வெடிக்கும், ஆறாத புண்ணாகும், சிலருக்குப் புற்றாகும். சேலை உடுத்தும் பெண்களுக்கும் இது வருகிறது என்று பிற்காலத்தில் எழுதினார்கள். 2024-இல் கூட மகாராட்டிரத்திலும் பீகாரிலும் மருத்துவர்கள் இரண்டு முதிய பெண்களைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். இடுப்பில் உடையை இறுக்கிக் கட்டிய இடத்தில் இருவருக்கும் புற்று. ஒருவர் ஒன்றரை ஆண்டாக ஆறாத புண்ணோடு இருந்தவர். தாய்மார்கள் இதைக் கேட்டுப் பயந்துவிட வேண்டாம். கோடிக்கணக்கான பெண்கள் பாவாடை கட்டுகிறார்கள். புற்று வருவது மிகச் சிலருக்கே. நாடாவுக்குப் பதில் அகலப் பட்டி வைத்தும், கட்டும் இடத்தை மாற்றியும், தோல் கறுத்து அரித்தால் கொஞ்ச காலம் தளர்த்தியும் கட்டினால் போதும்.

இனி நம் தோட்டத்துக் கதைக்கு வருவோம்.

பழைய நாளில் மலாயாத் தோட்டங்களில் மலேரியாவுக்கும் வயிற்றுப்போக்குக்கும் அடுத்தபடியாகத் தொழிலாளியைப் படுக்க வைத்தது கால் புண். வெறுங்கால், அட்டைக்கடி, முள், கிளறிய மண், அரை வயிற்றுச் சாப்பாடு. சிராய்ப்பு ஒன்று போதும், இரண்டு வாரத்தில் உள்ளங்கை அகலப் புண்ணாகிவிடும். டிரெசர் மருந்து தடவித் துணி கட்டுவார். மறுநாள் பெரட்டுக்குப் போக வேண்டும். புண் ஆறினாலும் தோல் பளபளவென்று மெலிந்து, தொட்டால் உடையும் தழும்பாகவே நிற்கும்.

1942, 1943-இல் ஜப்பானியர் சயாம் மரண ரயில் பாதைக்கு நம் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கானவர்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அங்கே மூங்கில் கீறிய காலெல்லாம் இந்தப் புண்ணாயிற்று. எலும்பு தெரியும் வரை அரித்தது. வெள்ளைக்காரப் போர்க்கைதிகளின் முகாமில் ஆல்பர்ட் கோட்ஸ் என்ற ஆஸ்திரேலிய மருத்துவர், கைக்குக் கிடைத்த கருவிகளைக் கொண்டே நூற்றுக்கும் மேற்பட்ட கால்களை வெட்டி உயிர்களைக் காப்பாற்றினார். நம்மவர் முகாம்களிலோ மருத்துவரே அரிது. திரும்பி வந்தவர்கள் தழும்போடு வந்தார்கள். அந்தத் தாத்தாக்களின் கெண்டைக்காலில் ரூபாய் நாணயம் போலப் பளபளத்த வட்டங்களைச் சிறு பிள்ளையாகப் பார்த்தவர்கள் உங்களில் இருப்பீர்கள்.

இப்படிப்பட்ட பழம்புண்ணிலும் தீக்காயத் தழும்பிலும் கிளம்பும் புற்றுக்கு மருத்துவ நூல்களில் மார்ஜொலின் புண் என்று பெயர். 1828-இல் பிரெஞ்சு அறுவை மருத்துவர் ஜான் நிக்கோலா மார்ஜொலின் தழும்பில் வளரும் இத்தகைய புண்ணை வருணித்தார். வேடிக்கை என்னவென்றால், அது புற்று என்று அவருக்கே தெரியாது. பின்வந்தவர்கள் நுண்ணோக்கியில் பார்த்துக் கண்டார்கள். தழும்பு உண்டான பின் பெரும்பாலும் 20, 30 ஆண்டுகள் கழித்தே இது தலைகாட்டும். "சின்ன வயதில் சுடுதண்ணீர் கொட்டினது, இப்போது என்ன?" என்று நாம் அலட்சியமாக இருப்பதற்கு அந்த நீண்ட இடைவெளியே காரணம். வெயிலால் வரும் தோல் புற்றைவிட இது வேகமாக நெறிக்குப் போகக் கூடியது என்பதையும் நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்துத் தெரிந்துகொண்டார்கள்.

நம்மைப் போன்ற கறுத்த தோலுக்கு நிறமி ஒரு குடை. வெயிலால் வரும் தோல் புற்று நம்மிடம் குறைவு என்பது உண்மை. (பிறவியிலேயே அந்த நிறமி இல்லாமல் வெளுத்துப் பிறக்கும் பிள்ளைகளுக்கு மட்டும் அந்தக் குடை இல்லை. அத்தகைய பிள்ளையை எங்கள் பள்ளியில் திடலில் வெயில் பட நிறுத்துவதில்லை. நீளக் கைச் சட்டையும் தொப்பியும் போட்டு அனுப்புங்கள்.) ஆனால் தழும்பில் வரும் புற்றுக்கு இந்தக் குடையால் தடையில்லை.

தொழுநோயால் கால் மரத்துப்போனவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு. 1930-இல் திறக்கப்பட்ட சுங்கை பூலோ தொழுநோய்க் குடியிருப்பில் நம் மக்களும் வாழ்ந்தார்கள். மரத்த பாதத்தில் புண் வலிக்காது. வலிக்காத புண்ணின் மேல் நடந்துகொண்டே இருப்பார்கள். ஆண்டுகள் பல போனபின் அவற்றுள் சில புற்றாகும். இந்த இடத்தில் ஒரு தமிழரின் பெயரைச் சொல்லாமல் போக முடியாது. இலங்கையைச் சேர்ந்த அறுவை மருத்துவர் மில்ரோய் பால், 1930-களில், மரத்த பாதத்துப் புண்ணுக்கு மாவுக்கட்டுப் போட்டு, பாதத்தின் பாரத்தைப் பரவச் செய்து ஆற்றும் முறையைக் கையாண்டார். பின்னாளில் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய பால் பிராண்ட் இந்த முறையை எடுத்துப் பயன்படுத்தி உலகெங்கும் பரப்பினார். இன்று சர்க்கரை நோயாளிகளின் பாதப் புண்ணுக்கு மேல்நாடுகளில் போடும் கட்டும் அதே வழி வந்ததுதான். புண் ஆறினால் புற்றுக்கு இடமேது?

தோட்டத்தோடு சம்பந்தப்பட்ட இன்னொரு காரணத்தையும் சொல்ல வேண்டும். லாலான் புல்லை அழிக்க, இரண்டாம் உலகப் போருக்கு முன்னும் பின்னும் நம் ரப்பர்த் தோட்டங்களில் சோடியம் ஆர்சனைட் என்ற மருந்தைத் தெளித்தார்கள். ஆர்சனிக் என்பது பாஷாணம். மாடு மேய்ந்தால் செத்துவிடும். அதைக் கலந்து தெளித்தவர்கள் நம்மவர்களே. பாஷாணம் நெடுநாள் உடலில் சேர்ந்தால் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் சோளப் பொரி போலக் கெட்டி முண்டுகள் தோன்றும், அவற்றிலிருந்தும் மற்ற இடத் தோலிலிருந்தும் புற்று கிளம்பும் என்று லண்டன் மருத்துவர் ஜோனதன் ஹட்சின்சன் 1887-இலேயே எழுதிவிட்டார். அவர் பார்த்தவர்கள் பாஷாண மருந்தை வாய்வழி உண்டவர்கள். தைவானில் கிணற்று நீரில் பாஷாணம் கலந்த ஊர்களில் 40,421 பேரைப் பார்த்து, அவர்களில் 428 பேருக்குத் தோல் புற்று என்று 1968-இல் வெளியிட்டார்கள். நமக்குப் பக்கத்தில் சிங்கப்பூரில் 1970-களில், ஆஸ்துமாவுக்கு என்று விற்ற நாட்டு மருந்தில் பாஷாணம் இருந்ததையும், உண்டவர்களின் தோல் கெட்டதையும் மருத்துவர்கள் கண்டார்கள். மூச்சிரைப்புக்கும் மூட்டுவலிக்கும் பெயரில்லாத பொட்டலம் வாங்கிச் சாப்பிடுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்களே!

காரணங்கள் போதும். கத்தியின் கதைக்கு வருவோம்.

பால் வெட்டுகிற கை அறிந்த ஒரு நுணுக்கம் உண்டு. பட்டையை மேலாகச் சீவினால் பால் வராது. ஆழமாகப் போனால் மரத்தில் காயம் பட்டு முண்டு விழும், மறு பட்டை கெட்டுவிடும். எவ்வளவு ஆழம் என்பதுதான் தொழில். புற்றை வெட்டும் அறுவை மருத்துவருக்கும் அதே கேள்விதான். கண்ணுக்குத் தெரிகிற புற்றுக்கு வெளியே நல்ல தோலிலும் கொஞ்சம் சேர்த்து எடுக்க வேண்டும். ஏனெனில் ஓரத்தில் வேர் ஓடியிருக்கும். அந்த ஓரம் எவ்வளவு? கொஞ்சமாக எடுத்தால் புற்று திரும்பி வரும். அதிகமாக எடுத்தால் மூக்கு போகும், காது போகும், கால் போகும்.

மெலனோமா என்னும் கரும்புற்றில் இந்தக் கேள்விக்கு விடை காண எண்பது ஆண்டுகள் ஆயின. மச்சம் போல் தோன்றி வேகமாகப் பரவும் கொடிய புற்று இது. 1907-இல் இங்கிலாந்தின் சாம்ப்சன் ஹாண்ட்லி, இந்த நோயால் இறந்த ஒரே ஒருவரின் உடலை ஆராய்ந்து, அகலமாக வெட்ட வேண்டும் என்றார். அந்தச் சொல்லே சட்டமாயிற்று. நாலு பக்கமும் 5 சென்டிமீட்டர் வரை வெட்டுவது வழக்கமாகி, பல பத்தாண்டுகள் நிலைத்தது. குழியை மூடத் தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்ட வேண்டும். யாரும் கேள்வி கேட்கவில்லை. பிறகு இத்தாலியின் உம்பெர்ட்டோ வெரொனேசியும் பல நாட்டு மருத்துவர்களும் சேர்ந்து 612 நோயாளிகளை இரு பிரிவாக்கினார்கள். எல்லாருக்கும் 2 மில்லிமீட்டருக்கு மேல் தடிப்பில்லாத கரும்புற்று. ஒரு பிரிவுக்கு 1 சென்டிமீட்டர் ஓரம், மற்றதற்கு 3 சென்டிமீட்டர் அல்லது அதற்கு மேல். ஆண்டுக் கணக்கில் தொடர்ந்து பார்த்து 1988-இல் முடிவை வெளியிட்டார்கள். உயிர் பிழைப்பதில் இரு பிரிவுக்கும் வேறுபாடு இல்லை. ஒருவரின் உடலைப் பார்த்துச் சொன்னதை 612 பேர் திருத்தினார்கள். அவர்களெல்லாரும் அறுவைக்குப் பின்னும் மறு பரிசோதனைக்குத் தவறாமல் வந்ததால்தான் இது முடிந்தது.

அதே கேள்விக்கு வேறு வழியில் விடை தேடியவர் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்துப் பிரெடெரிக் மோஸ். 1930-களின் தொடக்கத்தில் மாணவராக இருந்தபோது, துத்தநாகக் குளோரைடு என்ற மருந்து தசையைச் சிதைக்காமல் அப்படியே பதப்படுத்துவதைக் கண்டார். புற்றின் மேல் அந்தப் பசையைப் பூசி, மறுநாள் ஓர் ஏடு சீவி எடுத்து, அதன் அடிப்புறத்தையும் ஓரத்தையும் முழுக்க நுண்ணோக்கியில் பார்ப்பார். எந்தப் பக்கம் வேர் மிச்சமிருக்கிறது என்று படம் வரைந்துகொண்டு அந்தப் பக்கம் மட்டும் இன்னோர் ஏடு சீவுவார். வேர் தீரும் வரை இப்படியே. 1941-இல் 440 நோயாளிகளின் விவரத்தை வெளியிட்டார். பசை எரிச்சலைத் தந்தது, நாட்கள் பல பிடித்தன. பின்பு பசையில்லாமலே, மரக்கச் செய்யும் ஊசி போட்டு ஒரே நாளில் செய்யும் முறை வந்தது. 1970-களில் அது நிலைபெற்றது. முகத்தில் மெதுவாக வளரும் ஒருவகைப் புற்றில் இதையும் வழக்கமான அறுவையையும் நெதர்லாந்தில் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 10 ஆண்டுகள் கழித்துப் புற்று திரும்பியது, மோஸ் முறையில் 100-க்கு 4.4, வழக்கமான முறையில் 12.2. 2014-இல் வெளியான கணக்கு இது. இந்த முறைக்குப் பயிற்சி பெற்ற மருத்துவரும் தனி ஆய்வகமும் வேண்டும், எல்லா ஆஸ்பத்திரியிலும் கிடைக்காது. உடம்பிலும் கையிலும் வரும் சிறிய புற்றுகளுக்கு, சுற்றிலும் சில மில்லிமீட்டர் ஓரம் விட்டு எடுக்கும் சாதாரண அறுவையே பெரும்பாலும் போதும்.

எடுத்தபின் குழியை மூடுவது எப்படி? இங்கே நாம் பெருமைப்படத்தக்க செய்தி ஒன்று உண்டு. கவாஸ்ஜி என்பவர் மாட்டு வண்டிக்காரர், கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் வண்டி ஓட்டியவர். 1792-இல் முடிந்த மைசூர்ப் போரில் திப்பு சுல்தானின் ஆட்கள் கையில் சிக்கினார். அவருடைய மூக்கையும் ஒரு கையையும் அறுத்து அனுப்பிவிட்டார்கள். ஏறக்குறைய ஓராண்டு மூக்கில்லாமல் இருந்தவருக்குப் பூனாவில் செங்கல் சுடும் குலத்தைச் சேர்ந்த ஒருவர் மூக்கு வைத்தார். மெழுகைத் தட்டி மூக்கின் அளவெடுத்து, அதை நெற்றியில் பரப்பிக் கோடு கிழித்து, நெற்றித் தோலை உரித்து, புருவங்களுக்கு நடுவே ஒரு காம்பு மட்டும் ஒட்டியிருக்க விட்டு, கீழே திருப்பி மூக்கில் பொருத்தினார். காம்பின் வழியே இரத்தம் ஓடுவதால் தோல் சாகவில்லை. அங்கிருந்த ஆங்கில மருத்துவர்கள் கண்டு வியந்தார்கள். 1794-இல் லண்டன் இதழ் ஒன்றில் படத்தோடு இது வெளிவந்தது. அதைப் படித்த கார்ப்பியூ என்ற மருத்துவர் 1814-இல் லண்டனில் அதையே செய்து பார்த்தார். புற்றுக்காக மூக்கை வெட்டிய நோயாளிக்கு இன்றும் உலகெங்கும் நெற்றித் தோலைத் திருப்பி மூக்கு வைக்கிறார்கள். படிப்பு எழுத்து எதையும் நாம் கேட்டறியாத அந்தச் செங்கல் சூளைக்காரரின் பெயரை எழுதி வைக்கத்தான் யாருக்கும் தோன்றவில்லை.

நம் இனத்தவர்க்குக் கரும்புற்று அரிது. வந்தால் பெரும்பாலும் உள்ளங்காலிலோ, உள்ளங்கையிலோ, நகத்தடியிலோ வருகிறது. ஜமைக்கா பாடகர் பாப் மார்லியை நம் இளைஞர்கள் அறிவார்கள், சட்டைகளில் அவர் படம் இருக்கும். அவருக்குக் கால் பெருவிரல் நகத்தடியில் கரும்புற்று என்று 1977-இல் தெரிந்தது. விரலை எடுக்கச் சொன்னதை ஏற்காமல், நகப் பகுதியை மட்டும் எடுத்துத் தோல் ஒட்டிக்கொண்டார். 1981-இல், 36 வயதில் இறந்தார். எவ்வளவு அகலம் என்பதைவிட எவ்வளவு தடிப்பு என்பதே கரும்புற்றில் உயிரைத் தீர்மானிக்கிறது என்று அமெரிக்க மருத்துவர் பிரெஸ்லோ 1970-இல் காட்டியிருந்தார். ஒரு மில்லிமீட்டருக்குள் இருக்கும்போது வருபவரும், நாலு மில்லிமீட்டர் ஆனபின் வருபவரும் ஒரே நோயாளிகள் அல்லர். ஆகவே பாதத்தில் புதிதாய்க் கண்ட கறுப்புப் புள்ளி பரவினாலோ, அடிபடாமலே ஒரு நகத்தில் கறுப்புக் கோடு அகலமானாலோ "அடி பட்டிருக்கும்" என்று இருந்துவிடக் கூடாது.

நெறிக் கட்டிகளின் கதையும் இப்படியே. கரும்புற்றுக்கு அரையிலும் அக்குளிலும் உள்ள நெறிகளை எல்லாம் வாரி எடுப்பது பழைய முறை. அப்படி எடுத்தவரின் கால் யானைக்கால் போல வீங்குவதுண்டு. 1992-இல் டொனால்டு மார்ட்டன், நீல மையைச் செலுத்தி, புற்று முதலில் போய்ச் சேரும் ஒரு நெறியை மட்டும் கண்டெடுத்துப் பார்க்கும் வழியைக் காட்டினார். அதில் புற்று சிறிதளவு இருந்தால்கூட மற்றவற்றையும் உடனே எடுப்பதால் ஆயுள் கூடவில்லை என்று 2017-இல் வெளியான ஆராய்ச்சி தெளிவாக்கியது. இருநூறு ஆண்டுகளாகக் கத்தி சிறுத்துக்கொண்டே வந்திருக்கிறது.

இப்படிக் கணக்கெடுக்கும் வழக்கம் நம் பக்கமும் வந்தது. சென்னை அடையாற்றில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் 12 படுக்கைகளோடு திறந்த புற்றுநோய் நிலையம், 1980-களின் தொடக்கத்தில் சென்னை நகரத்துப் புற்று நோயாளிகளுக்கெல்லாம் பதிவேடு தொடங்கியது. மலேசியத் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின் முதல் அறிக்கை 2002-ஆம் ஆண்டின் விவரங்களோடு வந்தது.

சரி, ஆறாத புண்ணோடு ஒருவர் செராஸ் போகிறார், என்ன நடக்கும்? முதலில் கிளினிக்கில் கடிதம் வாங்கிக்கொள்ள வேண்டும். அங்கே புண்ணின் ஓரத்திலிருந்து பச்சரிசி அளவு சதை எடுப்பார்கள். மரக்க ஊசி போடுவதால் வலி தெரியாது. "அதை எடுத்ததால்தான் பரவியது" என்பார்கள் சிலர். ஓரத்தில் கிள்ளிய அந்தச் சதையில்லாமல் அது சர்க்கரைப் புண்ணா, புற்றா என்று யாராலும் சொல்ல முடியாது. நம்மவர் கால் புண்களில் மிகப் பெரும்பாலானவை சர்க்கரைப் புண்களே. புற்று என்று முடிவு வந்தால், எலும்பைத் தொடாமல் இருக்கும்போது சுற்றிலும் ஓரம் விட்டு எடுத்துத் தொடைத் தோலை ஒட்டுவார்கள். தோலை மெல்லிய ஏடாக எடுத்து ஒட்டும் அந்த வித்தையும் ஜெர்மனியின் தியர்ஷ் 1874-இல் காட்டியதுதான். எலும்புக்குள் போயிருந்தால் காலை எடுக்க நேரலாம். அப்படி நேர்ந்தவர்க்கும் செராஸிலேயே 2012-இல் திறந்த மறுவாழ்வு மருத்துவமனை இருக்கிறது. செயற்கைக் காலோடு நடக்க அங்கே பயிற்சி தருகிறார்கள்.

அறுவை முடிந்து வீட்டுக்கு வரும்போது கையில் ஒரு அட்டை தருவார்கள். முதல் இரண்டு ஆண்டுகளில் அடிக்கடி வரச் சொல்வார்கள், ஏனெனில் தழும்பில் வந்த புற்று திரும்பினால் பெரும்பாலும் அந்தக் காலத்துக்குள்தான் திரும்புகிறது. புண்தான் ஆறிவிட்டதே என்று அந்தத் தேதியை விட்டுவிடுகிறவர்கள் உண்டு. வெட்டிய இடத்தைப் பார்த்தபின் மருத்துவர் அரையிலும் விரல் வைத்துத் தடவிப் பார்ப்பார். நெறி ஏதும் கட்டியிருக்கிறதா என்று தேடுகிறார். அங்கே புதிதாக ஒரு கட்டி இருப்பதை நீங்களே முன்கூட்டிக் கண்டால், அட்டையில் எழுதிய தேதி வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.